ஒரு கைக்கு ஒரு மாநிலம்

எழுபதுகளின் நடுவில், கேரள எல்லையில் இருக்கும் குமுளி செக்போஸ்டில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்தேன். கீழே கம்பம் பக்கம் காலரா என்று பேச்சுக் கிளம்பியிருந்த நேரம். பஸ் ஏறி மேலே வருகிறவர்களுக்கு ஊசி போட்டு, சீட்டுக் கொடுத்து உள்ளே விடுவது என் வேலை. மேலேயிருந்து இறங்குகிறவர்களுக்கு, தமிழ்நாட்டுக்காரர்கள் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் ஊசியோடு நின்றார்கள்.

இதில் என்ன தகராறு என்று கேட்பீர்கள். அவர்கள் சீட்டு எங்களிடம் செல்லாது, எங்கள் சீட்டு அவர்களிடம் செல்லாது. அதுதான் தகராறு. ஒரே நோய், ஒரே மருந்து, ஆனால் ஊசி மட்டும் இரண்டு. அந்த ரூட்டில் ஓடிய கண்டக்டர் ஒருவர் என்னைத் தூரத்தில் கண்டாலே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார், பாவம்.

எங்கள் அதிகாரி மாத்தன் டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். "அவங்க சீட்டு ஊசி போடாமலே டீக்கடையில கிட்டும், கேட்டோ. நம்ம ஊசி போட்டவன் மட்டும் உள்ள வந்தா மதி, போதும்" என்று மலையாளம் கலந்து சொல்வார். அதற்கு மேல் பேச முடியாது.

மாப்பிள்ளை வீட்டு பஸ்

ஒரு நாள் மதியம் கம்பத்திலிருந்து கல்யாண பஸ் ஒன்று வந்து நின்றது. மாப்பிள்ளை பெயர் கருப்பையா. பெண், எங்கள் பக்கத்து எஸ்டேட் கங்காணி மாடசாமியின் மகள் பேச்சி. மறுநாள் காலையில் குமுளியில் முகூர்த்தம்.

"சார், நேத்துத்தான் கம்பத்துல எங்க எல்லாருக்கும் போட்டாங்க. கையத் தூக்க முடியல, பாருங்க" என்று கருப்பையா இடது கையைக் காட்டினான். கை வீங்கித்தான் இருந்தது.

"அந்தச் சீட்டு இங்கே செல்லாதுப்பா" என்றேன்.

"அப்ப இடது கை தமிழ்நாட்டுக்கு, வலது கை கேரளாவுக்கா?"

பின்னால் நின்ற அவன் அக்கா முன்னே வந்தாள். "நாளைக்குத் தாலியில ரெண்டு முடிச்சு நான்தான் போடணும் சார். எனக்குமா?"

டாக்டரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். ஏற்கெனவே போட்ட ஊசிக்கே காய்ச்சல் அடிக்கிறது, கல்யாணக் கூட்டம், விட்டுவிடலாமே என்றேன். "கல்யாணம்னா காலரா வராதோ?" என்று கேட்டார். மாப்பிள்ளை, அக்கா, சித்தி, மாமன் என்று மொத்த பஸ்ஸுக்கும் வலது கையில் போட்டு அனுப்பினேன்.

கெட்டிமேளம்

மறுநாள் கல்யாணத்துக்கு டாக்டரையும் என்னையும் அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். போகாமலே இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது.

கருப்பையா இரண்டு கையையும் உடம்பில் படாமல் அகட்டி வைத்துக்கொண்டு மணவறைக்கு நடந்து வந்தான். தாலியை எடுத்துக் கொடுத்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதையைப் போட்டார்கள். மாப்பிள்ளையின் கை மட்டும் நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது.

"தூக்குடா" என்றார் மாமன்.

"நீ தூக்கிக் காட்டு பாப்போம்" என்றான் கருப்பையா.

மாமன் முயன்று பார்த்து முனகினார். அக்காவைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கை தோளுக்கு ஏறவில்லை, கண்ணீர்தான் வந்தது. சித்திக்கும் அதே கதை. பெண் வீட்டுப் பெண்கள் முடிச்சுப் போடுவது முறையில்லை என்று ஒரு பெரியவர் தடுத்துவிட்டார். தவில்காரர் அடிப்பதை நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல் வியர்த்துப்போனார். கையில் இருந்த அட்சதை எல்லோருக்கும் தீர்ந்துவிட்டது.

"முகூர்த்தம் போவுதே" என்று மாடசாமி தலையில் கை வைத்தார். கூட்டம் முழுக்க எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தது. டாக்டர் கூரையில் கட்டியிருந்த காகிதத் தோரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கடைசியில் பேச்சிதான் வாயைத் திறந்தாள். "கை மேலதான ஏறல, கீழ தொங்குதுல்லா? நான் எறங்கிக்கிடுதேன்."

மணையை விட்டு எழுந்து, மணவறைக்கு முன்னால் வெறும் தரையில் உட்கார்ந்தாள். கருப்பையா அவள் பின்னால் நின்று, தொங்கிய கையாலேயே முதல் முடிச்சைப் போட்டான். அக்கா அப்படியே நின்று மற்ற இரண்டையும் போட்டாள். தவில்காரர் விட்டதற்கெல்லாம் சேர்த்து வாசித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பந்தியில் ஒரு கேள்வி

சாப்பாட்டுப் பந்தியில் மாடசாமியே டாக்டருக்குப் பாயசம் ஊற்றினார். ஊற்றிவிட்டு நகராமல் நின்றார்.

"அய்யா, சாயங்காலம் பேச்சி கம்பத்துக்குப் போறா. இங்க எஸ்டேட்ல இந்த சாரு போட்ட ஊசி அவளுக்கு இருக்கு. அங்கிட்டு அது செல்லாதாம், இன்னொண்ணு போடுவாகளாம். அதுல கை வீங்கிப்போயி புகுந்த வீட்டுல வெளக்கு எப்படி ஏத்துவா? சீட்டு ஆறு மாசந்தானாம். பெறவு அவ வரப் போக, நாங்க அவளப் பாக்கப் போக எல்லாத்துக்கும் குத்தா? மகள வாழ அனுப்புதேனா, குத்து வாங்க அனுப்புதேனா, சொல்லுங்க."

டாக்டர் பாயசத்தைத் தொடவில்லை. கை கழுவிவிட்டு, "ஜீப் எடுக்கு" என்றார்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப்புக்கு இறங்கினோம். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. எங்கள் டாக்டர் விஷயத்தைச் சொன்னதும், "உங்க சீட்டு டீக்கடையிலயே கிடைக்குதுன்னு சொன்னாங்களே டாக்டர்" என்றார். எங்கள் டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டாக்டரம்மா கருப்பையாவின் இடது கையை அமுக்கினார். அலறினான். வலது கையை அமுக்கினார். அதற்கும் அலறினான்.

"ரெண்டு கவர்ன்மென்ட்டும் ஒழுங்காத்தான் போட்டிருக்கு" என்று சிரித்தார். சிரித்த பிறகு காரியம் சுலபமாகிவிட்டது. அங்கேயே பேசி முடித்தார்கள். இனி ஒரு ஊசி, ஒரு சீட்டு, இரண்டு பக்கமும் செல்லும். டீக்கடைச் சீட்டைப் பிடிக்க, ஒரு பக்கத்து முத்திரையின் மாதிரி மறுபக்கத்திலும் இருக்கும். எங்கள் சீட்டோடு முதலில் எல்லை தாண்டியவள் பேச்சி. வீங்காத கையோடு அவள் நடந்து போனதைப் பார்த்து நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

டாக்டர் நிம்மதியாக ஜீப்பில் கால் வைத்தார்.

"டாக்டர், உங்க சீட்டு?" என்றார் டாக்டரம்மா. "இப்பத்தானே பேசினோம், ரெண்டு பக்கமும் ஒரே சட்டம்."

டாக்டர் எல்லாப் பாக்கெட்டையும் தடவினார். குமுளி முழுக்க ஊசி போடச் சொன்னவர் தனக்குப் போட்டுக்கொள்ளவே இல்லை. "நான் டாக்டராக்கும்" என்று தொடங்கியவர், எதிரே கையை அகட்டி நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

"இடதுல போட்டுக்கங்க சார்" என்றான் கருப்பையா. "வலதுல போட்டா ராத்திரிச் சோறு ஒருத்தர் ஊட்டி விடணும்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எல்லை தாண்டுகிறவனுக்கு விதி எழுத உட்கார்ந்தால், நீங்கள் முதலில் அந்த வரிசையில் நின்று வாருங்கள். அன்றைக்கு மாத்தன் டாக்டர் வரிசைக்கு வர நேர்ந்தது. மறுநாள் கையைத் தூக்க முடியாமல் ஆபீசுக்கு வந்தவர், கல்யாண பஸ் எதையும் அதற்குப் பிறகு நிறுத்தச் சொல்லவில்லை.