கடம்பூரில் வாங்கிய போளி

ரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று டாக்டர் சொல்லியும் என் மனம் கேட்கவில்லை. மஞ்சள்காமாலை வந்தவருக்குத் தட்டைத் தனியே வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். கோவில்பட்டியில் நண்பர்களோடு இருந்த அறையை விட்டு, காரணம் சொல்லாமல் தனி அறைக்கு மாறினேன். வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் எல்லோரும் குழம்பை மாற்றிக்கொள்ளும் மதிய நேரத்தில், நான் குடோன் பக்கம் போய்ச் சாப்பிட்டேன்.

வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, திருநெல்வேலி லேபில் எடுத்த ரத்தம் சென்னைக்குப் போய் ரிப்போர்ட் வந்தது.

"ரொம்பக் கொறவுதான். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாத்தாப் போதும்" என்றார் டாக்டர்.

திருநெல்வேலியிலிருந்து திரும்பும் ரயிலில், கடம்பூரில் ஒரு பொட்டலம் போளி வாங்கினேன். எதிர் சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா, "என்ன தம்பி, வீட்டுல விசேஷமா?" என்றார்கள்.

யாரிடமும் சொல்லாததை அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

"நல்ல சேதியச் சொல்லிட்டு, பொட்டலத்தப் பிரிக்காமயே வச்சிருக்கீங்களே" என்று கையை நீட்டினார்கள். நான் கொடுத்த போளியைப் பிய்த்து, பாதியை என் கையிலேயே வைத்தார்கள். இருவரும் சாப்பிட்டோம்.

கோவில்பட்டியில் இறங்கி, மீதிப் பொட்டலத்தோடு ஸ்டேஷன் வாசலில் நின்றேன். நோய் இருப்பதே தெரியாத ஊரில், இனி பயமில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? தெரிந்த ஒரே மனுஷி அந்த ரயிலில் சாத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.