துணைக்கு ஆள் உண்டு

கல்யாணமாகி ஒரு பெண்ணையும் பெற்ற பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து மறுபடி படித்து மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள் அந்தத் தையல்காரி. மகள் முன்வரிசையில், சக்கர நாற்காலியில். அம்மா கடைசி பெஞ்சில், முழங்காலை மடக்கிக்கொண்டு. பென்சில் விழுந்தால் எடுத்துத் தரவேண்டும், கழிப்பறைக்குத் தூக்கிப் போகவேண்டும். வாய்ப்பாடெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "பரீட்சை வச்சா நீங்கதான் முதல் மார்க்கு" என்று டீச்சர் கிண்டல் செய்வார். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

தையல் கடையில் அவளுடைய மெஷின் உறை போட்டுக் கிடந்தது. முதலாளியம்மா நல்லவள்தான், ஆனால் எவ்வளவு நாள் பொறுப்பாள்? அடுத்த பள்ளி ஆண்டும் இதே கதை என்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். பள்ளியில் ஒரு உதவியாளரைப் போட்டால் இவள் தப்பித்தாள். மகள் என்றால் உயிர்தான். அதற்காக ஜெயில் ஜெயிலில்லை என்று ஆகிவிடுமா?

கேட்காமலா இருந்தாள்? அரசாங்கக் கணக்கு வேறு மாதிரி. துணைக்கு யாருமில்லாத பிள்ளைகளுக்குத்தான் முதலில் ஆள். இவள் தினமும் வருவதால் மகளுக்குத் துணை உண்டு. இவள் வராவிட்டால் மகளும் பள்ளிக்கு வரமுடியாது. வராத பிள்ளைக்கு ஆள் எதற்கு? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அடுத்த ஆண்டு எந்தப் பள்ளிக்கு உதவியாளர் என்று முடிவுசெய்ய அதிகாரி நேரில் பார்க்க வந்த அன்று, தலைமை ஆசிரியை அவளை வகுப்பு வாசலில் நிறுத்தினார்.

"அவர் போற வரைக்கும் உள்ள வராதீங்கம்மா. பிள்ளை தனியா படற பாட்டை அவர் கண்ணால பார்க்கட்டும்."

பெற்ற பிள்ளையின் பாட்டைக் காட்டி ஆள் கேட்கும் பிழைப்பு. "கடை வரைக்கும் போயிட்டு வரேன்டா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

அதிகாரி உள்ளே வந்தார். மகளின் பென்சில் உருண்டு விழுந்தது. குனிந்து பார்த்தாள், எட்டவில்லை. அதிகாரி அதைக் கவனித்தார். தலைமை ஆசிரியையின் முகத்தில் ஒரு தெம்பு. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அப்போது மகள் உதட்டைக் கடித்து, நாற்காலியின் கைப்பிடியை இறுக்கினாள். அந்த முகம் அம்மாவுக்கு அத்துப்படி. போன வருஷம் இவள் வரச் சற்றுத் தாமதமாகி, நாற்காலி நனைந்து, வகுப்பே சிரித்திருக்கிறது. கால் தன்பாட்டுக்கு ஓடியது. மகளை அள்ளித் தூக்கிய பிறகுதான் அதிகாரி எதிரே நிற்பது உறைத்தது.

"அம்மா கூடவே இருக்கீங்களா? நல்லதாப் போச்சு" என்றார் அவர், மனதாரத்தான். "எத்தனையோ ஸ்கூல்ல இதுக்குக்கூட வழியில்லம்மா. இருக்கிற நாலு பேரை அங்கதான் அனுப்பியாகணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கொடுமை.

கழிப்பறையில் மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏம்மா வந்தே? பெரிய டீச்சர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அவர் போற வரைக்கும் அடக்கிக்கலாம்னுதானே இருந்தேன்."

மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, தூக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினாள். கடைசி பெஞ்சில் அவள் இடம் அப்படியே காலியாக இருந்தது.