குளியலறையைக் காட்டச் சொன்னவர்

பக்கத்து வீட்டு ராஜேஸ் அக்கா போன் செய்தபோது என் கணவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். காதர் அண்ணன் மவுத்தாகிவிட்டார் என்றார். காலைத் தொழுகை முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். இழுபறி இல்லாமல் போனாரே என்று ஒரு பக்கம் நிம்மதி. மறு பக்கம், சோப்புக் கையோடு நின்று அழுதேன்.

எங்கள் ஊர் ஜெலுத்தோங்கில் பலருக்கு அவர் வீட்டுக் கரண்ட் வேலை பார்க்கும் வயர்மேன். வேலையை விட்டபின், எங்கள் வட்டார நலச் சங்கத்துக்கு உதவி கேட்டு மனுப் போட்டவர்களின் வீடுகளைப் பார்த்து எழுதிக்கொடுப்பார். எனக்கு அவரைத் தெரிந்தது அப்படித்தான்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்ததும் ஜுருவில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டேன். இடியாப்பம் விற்றுத்தான் பிழைப்பு. பச்சைத் தண்ணீர் பட்டால் அவருக்குக் கை கால் விறைத்துவிடும், வலியில் கத்துவார். சாதாரண ஹீட்டரைப் போட்டால் எங்கள் பழைய வீட்டில் மெயின் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகிவிடும். ஹீட் பம்ப் போடுங்கள் என்றார் கடைக்காரர். வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்குமாம், கரண்ட்டும் கொஞ்சம்தான் இழுக்குமாம். விலையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அடுப்பில் காய்ச்சி வாளியில் தூக்குவதே கதி என்றானபின்தான் சங்கத்தில் மனுப் போட்டேன்.

வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார் என்றார்கள். வந்தது வினை! வருகிறவர் முன்னால் வீடு அலங்கோலமாக இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ராஜேஸ் அக்காவிடம் தீபாவளித் திரைச்சீலையை இரவல் வாங்கி மாட்டினேன். கணவருக்கு இஸ்திரி போட்ட சட்டை. எனக்கு இருக்கிற ஒரே பட்டுச் சேலை. கேசரி வேறு. வந்த பெண் ருசித்துச் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனாள். வசதி இருப்பதால் உதவி இல்லை என்று கடிதம் வந்தது. என் கேசரியே என் காலை வாரிவிட்டது.

மறுபடி மனுப் போட்டேன். இந்த முறை காதர் அண்ணன் வந்தார். புத்தி வந்திருக்க வேண்டாமா எனக்கு? அன்றும் அதே திரைச்சீலை, அதே சேலை. அவர் தேநீரைக் குடித்தார், வீடு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

டம்ளரை வைத்துவிட்டு, “தங்கச்சி, குளிக்கிற எடத்தக் காட்டுங்க” என்றார்.

ஈரத் தரை, பிளாஸ்டிக் நாற்காலி, கரி பிடித்த பானை. ஒன்றையும் ஒளிக்க நேரமில்லை. சமையலறையிலிருந்து குளியலறைவரை அவர் அடி அடியாக நடந்து பார்த்தார். சுடுதண்ணீர் வாளியை யார் தூக்குவது என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் கூடத்து நாற்காலியிலிருந்த கணவர், குழறிய வாயோடு, “அவ காலு... வெந்துருச்சு” என்றார். வாளி சாய்ந்து வெந்த பாதத்தைச் சேலைக் கரையில் மறைத்திருந்தேன். மனிதர் போட்டுக் கொடுத்துவிட்டார்!

காதர் அண்ணன் கோபப்பட்டார். “பட்டுச் சேலைய எழுதவா லா நான் வந்தேன்? இந்த வெந்த காலைத்தான் எழுதணும்.” அங்கேயே நின்று எழுதினார். மூன்றாம் வாரம் பணம் அனுமதியானது. போன உயிர் திரும்பி வந்தது.

யந்திரம் வந்த அன்று அவரே வந்து வயர் இழுத்தார். கூலி பேச விடவில்லை. குழாயைத் திறந்து, முதலில் தன் கையில் பிடித்துப் பார்த்து, பிறகு என் கணவரின் தோளில் ஊற்றச் சொன்னார். என் கணவர் கத்தவில்லை. இன்னும் ஊற்று என்றார். நான் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜனாசாவை அடக்கத்துக்கு எடுத்துப் போனபின் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் நிறைந்த அறையில் அவர் மனைவி, “நீங்க யாரும்மா, தெரியலையே” என்று கேட்டார். எங்களுக்கு உதவி கிடைத்ததைக் காதர் அண்ணன் தன் வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை. தெரிந்தவர் என்று மட்டும் சொல்லி நான் நழுவியிருக்கலாம்.

“என் புருஷனக் குளிப்பாட்ட வழியில்லாம உதவி கேட்டேங்கக்கா. அண்ணந்தான் வாங்கிக் குடுத்தாரு” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் மனைவி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

காதர் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது சுடுதண்ணீர் மட்டுமல்ல. இல்லாததை இல்லை என்று சொல்ல ஒரு வாயும்.