சிரிக்கச் சொன்ன வகுப்பு

உவரிக்காரி லூசியின் கணவன் எட்வின் கடலில் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மனம் தேறட்டும் என்று தங்கை அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு தன்னம்பிக்கை வகுப்புக்கு அழைத்துப் போனாள்.

"அழுகிறவர்கள் தோற்றவர்கள். எல்லோரும் சிரியுங்கள்!" என்றார் பயிற்சியாளர்.

லூசி எழுந்து கத்தினாள். "ஒம்ம வீட்டுல எழவு விழுந்தா இப்படித்தான் சிரிப்பீரா?"

வகுப்பை விட்டு வெளியேறினாள். அந்தக் கோபத்தோடுதான் மனநல ஆலோசனைப் படிப்பில் சேர்ந்தாள். மீன் விற்றுக்கொண்டே இரண்டு வருடத்தில் முடித்தாள்.

இப்போது தச்சநல்லூரில் அவள் நடத்தும் ஆலோசனை அறையைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் காசிலிங்கம் என்பவர், குழந்தையைப் பறிகொடுத்த தன் மகளை இழுத்து வந்தார்.

"இவ அழுகைய நிறுத்துங்க."

"அது என் வேலை இல்ல அண்ணாச்சி. நீங்க அங்கன வெளிய இருங்க," என்று கதவை அறைந்து சாத்தினாள் லூசி. பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ள பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.