புள்ளியைத் துரத்திப் பெண் பார்க்கப் போன கதை

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரிடம் ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். ‘தூரமா?’ என்று கேட்கலாம். ‘இந்தா, பக்கத்துலதான்’ என்பது அதற்குப் பதில். சென்னைக்குப் போகிறவரும் அதையேதான் சொல்வார். இதனால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் திருப்தி. செல்போன் மேப்புக்கு இந்த நாகரிகம் கிடையாது. திறந்ததும் எங்கே என்றுதான் கேட்கும். “மிஷினு கேட்டாலும் கேள்வி கேள்விதாம்லே” என்பார் அப்பா. அதனால் கார் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் போனை எடுக்க அனுமதி.

எனக்குப் பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கிளம்பினோம். அதற்கு முன் வந்த வரன்கள் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயிருந்தன. முப்பத்தாறு வயதில் ஜாதகத்தைவிட எனக்குத்தான் அவசரம். இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து, இதுவும் தட்டிப்போகக் கூடாதே என்று பயமாகவே இருந்தது. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அவர்கள் வீட்டில் கால் வைத்தாக வேண்டும்.

காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மா. புளியங்குடிப் பக்கம் என்பதற்கு மேல் அப்பா வாயைத் திறக்கவில்லை. முடிவாகும் முன் ஊர்ப் பெயரைச் சொன்னால் கண் பட்டுவிடுமாம், பெற்ற மகனின் கண்ணாக இருந்தாலும். பெண்ணின் தாய்மாமா அப்பாவின் போனுக்கு லொகேஷன் அனுப்பியிருந்தார். மேப்பில் அது ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

“பாத்தியா, நாம போகப் போக புள்ளியும் நம்மள நோக்கி வருது” என்று அப்பா பெருமைப்பட்டார். வீடு எப்படி நகரும் என்று எனக்கு இடித்தது. நல்ல காரியத்துக்குப் போகையில் சந்தேகம் கேட்பதும் குற்றம்தான், பேசாமல் ஓட்டினேன். பாதி வழியில் புள்ளி எங்களைக் கடந்து போய்விட்டது.

“தாண்டி வந்துட்டோம், திருப்புலே.”

திருப்பினேன். புள்ளி எங்கள் ஊரான சங்கரன்கோவிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“ஒரு போன் போட்டுக் கேட்டாத்தான் என்ன?” என்றாள் அம்மா.

“சம்பந்தியாகப் போறவகட்ட வீடு எங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? சகுனம் பாத்து இடத்த மாத்திருப்பாக.”

புள்ளி எங்கள் ஊர் பூ மார்க்கெட்டில் வந்து நின்றது. அங்கே ஒருவர் மல்லிகைப்பூப் பையை பைக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். தாய்மாமாதான். வீட்டின் லொகேஷனுக்குப் பதிலாக, கூடவே நகர்கிற லைவ் லொகேஷனை அனுப்பிவிட்டுப் பெண்ணுக்குப் பூ வாங்க வந்திருக்கிறார். அவர் வீட்டிலும் ‘எங்கே’ என்று யாரும் கேட்கவில்லை. என்னைப் போட்டோவில் பார்த்திருந்ததால் அடையாளம் கண்டுகொண்டார்.

“நீங்க இன்னும் கிளம்பவே இல்லையா?” என்றார்.

நாலரை ஆகிவிட்டது. அப்பாவின் முகம் சுண்டிப்போனது. “இது பெரிய தடங்கல். வேற எடம் பாப்போம்” என்று என் காதில் சொன்னார். அதற்குள் மாமா வீட்டுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பெண்ணின் குரல்.

“மாமா, அவங்கள அங்கனயே இருக்கச் சொல்லுங்க. ராகு காலம் கழிஞ்சதும் அம்மாவும் நானும் பஸ்ல வாரோம். கோவில்ல வச்சுப் பாத்துக்கிடலாம்.”

பெண் வந்து மாப்பிள்ளையைப் பார்ப்பதா என்று அப்பா இழுத்தார்.

“நீங்க வேணா வீட்டுக்குப் போங்கப்பா. நான் இருக்கேன்” என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

மேப் எதுவும் இல்லாமல் அவர்கள் சரியாக வந்து சேர்ந்தார்கள். கோவில் பிராகாரத்தில் அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“சொந்த ஊருக்கே வழி தேடுனது நீங்கதானா?”

“ஆமா” என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை. அவள் மாமாவிடமிருந்து பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டே தன் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“இவுகளே போதும்மா” என்றாள்.