லீவு செக்ஷன் துளசிராம்

"அத்தாட்சி எங்கம்மா?"

டைப்பிஸ்ட் சின்னத்தாய் எட்டு மாத வயிற்றோடு மேஜைக்கு முன்னால் மூச்சு வாங்கி நிற்கிறாள். துளசிராம் நிமிரவில்லை.

"கண்ணு முன்னாலயே நிக்குதேண்ணே, இம்புட்டுப் பெருசா!"

"எனக்குத் தெரியுது. பைலுக்குத் தெரியணும்ல? டாக்டர் சர்ட்டிபிகேட்டு கொண்டா."

தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசின் லீவு குமாஸ்தா அவர். மூக்கு நுனியில் கண்ணாடி, சைக்கிள் பம்பிலிருந்து வருவதுபோல் குரல். தாளில் மை சிந்தினால்கூட வட்டம் போட்டுச் சுருக்கொப்பம் வைப்பார். ஒருமுறை நசுங்கிய கொசுவுக்கும் வைத்திருக்கிறார்.

இந்த ஆடியில் அவருக்கே பெண் பிறந்தது. ஒத்தாசைக்கு வந்த மாமியார் முற்றத்தில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். வீட்டில் படுக்க மூன்று பேர், எழுந்து ஓட ஆளில்லை. அவருடைய சொந்த லீவெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்ந்துவிட்டது.

"வயித்துப்போக்குன்னு எழுதிருங்கண்ணே" என்றான் பியூன் கருப்பு.

"இருவது வருசமா எவன் வயித்துப்போக்கையும் நம்பாதவன்டா நான்!"

தகப்பன் என்ற முறையில் சம்பளத்தோடு பதினைந்து நாள் கேட்டு விண்ணப்பம் எழுதினார். எழுந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போய்ப் பவ்யமாக வைத்தார். சுற்றி வந்து உட்கார்ந்து எடுத்தார். முத்திரை குத்தினார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"ஆம்பளைக்கா? எந்த ரூல்ல இருக்கு?" என்று எதிரே இருந்த வெறும் இடத்தை முறைத்தார். சிவப்பு மையில் எழுதினார்: 'விதியில் இடமில்லை. அத்தாட்சியும் இல்லை.'

சின்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆபீசர் பாக்கறதுக்கு முன்னாடி நீங்களே மறிச்சா எப்படிண்ணே?"

"ஆடிட்டுக்காரன் என்னையத்தானம்மா கேப்பான்!"

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் மனைவி வசுந்தரா கைக்குழந்தையோடு வந்து நின்றாள். வீட்டில் சௌராஷ்டிர பாஷையில் திட்டுகிறவள், எல்லாருக்கும் புரியட்டுமென்று தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"நாலு நாளா நான் கண்ணு மூடல. நீங்க என்னடான்னா, அத்தாட்சி இல்லைன்னு திருப்பிட்டேன்னு ராத்திரி வந்து பெருமை பேசுறீங்க. இந்தாங்க அத்தாட்சி!"

அவருடைய விண்ணப்பம் திறந்து கிடந்த பைலின் மேல் குழந்தையைக் கிடத்தினாள்.

"வெளிய பெஞ்சில படுக்கப் போறேன். பாலுக்கு அழுதா மட்டும் எழுப்புங்க."

ஆபீசே எழுந்து நின்றது. துளசிராம் சுற்றுமுற்றும் பார்த்தார். குழந்தை காலை உதறி நெட்டி முறித்தது. பிறகு நிதானமாக, நீளமாக ஒன்றுக்குப் போனது. சிவப்பு மை கரைந்து, 'இடமில்லை' இருந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு சின்னத் தெப்பக்குளம்.

"போச்சு, வேற பேப்பர் கொண்டாரவாண்ணே?" என்றான் கருப்பு.

துளசிராம் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். மறுகையால் பேனாவை எடுத்து, அந்த ஈரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, விண்ணப்பத்தைச் சொட்டச் சொட்ட ஆபீசரின் பைல் தட்டில் சேர்த்தார்.