யப்பான் குதிரை மாருவும் எங்கட அர்ச்சனைப் பையும்

மாரு போயிட்டானாம்.

இப்பதான் யப்பானில இருந்து கென்ஜி மெசேஜ் போட்டிருக்கிறான். இஞ்ச பாரிசில, லா சப்பல்ல மரக்கறி வாங்கிக்கொண்டு நிண்டனான்... கையில வெண்டிக்காய்ப் பையோட அப்பிடியே நிண்டிட்டன்.

மாரு ஒரு ரேஸ் குதிரை. குதிரைக்கும் அஞ்சலியோ எண்டு சிரிக்கிறவை தாராளமாச் சிரியுங்கோ, எனக்கொரு கவலையுமில்லை.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். நானும் யோகன் அண்ணையும் ஒரே லொறியில வேலை. பாரிசுக்கு வெளியில, சாந்திய் பக்கத்துக் குதிரை லாயங்களுக்கு வைக்கோலும் மரத்தூளும் இறக்குறது.

சில வருசத்துக்கு முதல், ஒக்டோபர் ரேசுக்கெண்டு மாருவை பிளேனில கொண்டுவந்து அங்கைதான் விட்டிருந்தவை. அவனைப் பராமரிக்க கூட வந்தவன்தான் கென்ஜி. குதிரையின்ர முழுப்பெயர் எங்கட வாயில நுழையாது. கென்ஜி மாரு எண்டு கூப்பிடுவான், நாங்களும் மாரு.

யப்பானில அவன் பெரிய ஆள். குட்டியா இருக்கேக்க உடம்பு காணாது எண்டு ஒருத்தரும் வாங்கேல்லையாம். பிறகு ரேசுக்கு மேல ரேஸ் வெண்டு எல்லாற்ற வாயையும் அடைச்சவன். அதுக்குப் பிறகு முன்னங்கால் பிசகி, கனகாலம் ஓட்டமே இல்லை. பாரிஸ்தான் கடைசி ஓட்டம் எண்டு முதலாளி சொல்லிப்போட்டாராம்.

வந்த இடத்தில மாரு சாப்பாட்டை விட்டிட்டான்.

கென்ஜி தீன் வாளியைப் பிடிச்சுக்கொண்டு கெஞ்சுவான். மாரு முகத்தைத் திருப்புவான். சாப்பிடாட்டி ஓட விடமாட்டினம்... இவ்வளவு தூரம் வந்து சும்மா திரும்ப வேண்டியதுதான்.

யோகன் அண்ணைக்குப் பொறுக்கேல்லை. ஒருநாள் தடவிக்குடுக்கப் போனார். கென்ஜி அவற்ற கையை மோந்து பாத்திட்டு "நோ! காம்ஃபர்!" எண்டு கத்தினான். அண்ணையை இழுத்துக்கொண்டு போய் சவுக்காரம் போட்டுக் கை கழுவவைச்சான். தோள்மூட்டு நோவுக்குப் பூசின பாமில கற்பூரமெல்லோ! அது குதிரைக்குள்ள போய் டெஸ்டில காட்டினா ஓட்டம் கான்சல். மருந்து குடுத்தவன் எண்ட பேர் கென்ஜிக்கு.

அதுக்குப் பிறகாவது மனுசன் சும்மா இருந்திருக்கலாம்... இருந்தாத்தானே.

ரேஸ் கிழமை, செவ்வாய்க்கிழமை. ரூ பஜோல் பிள்ளையார் கோயிலில மாருவின்ர பேரில அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார். அண்ணை ஒரு நிமிசமும் யோசிக்கேல்லை.

"குதிரைக்கு வேறென்ன ஐயா, அச்சுவினி."

மற்றநாள் காலமை அர்ச்சனைப் பையும் எங்களோட லொறியில வந்தது. "அவன்ர பேரில செய்தது, அவன்தானே சாப்பிடவேணும்" எண்டார். பகிடி எண்டு நினைச்சன்.

நான் பாரம் இறக்க, கென்ஜி தண்ணி எடுக்கப் போன நேரம்... வாழைப்பழத்தைத் தோலோட நீட்டியிட்டார். மாரு சாப்பிட்டான்! சாப்பிட்டிட்டு வாளிக்குள்ளயும் தலையை விட்டான். திரும்பி வந்த கென்ஜி அதைப் பாத்திட்டு அண்ணையைக் கட்டிப்பிடிச்சு அழுதான்.

நான் அந்தப் பையைத் திறந்து பாத்தன். கற்பூரக் கட்டி உடைஞ்சு பை முழுக்கத் தூள்.

"அண்ணை... இதுக்குள்ளயோ பழம் இருந்தது?"

அண்ணையின்ர முகம் செத்துப்போச்சு.

"சொன்னா மாருவின்ர ஓட்டம் போச்சு. சொல்லாட்டி இந்தப் பெடியன்ர சீவியம் போச்சு" எண்டு முணுமுணுத்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நேர கென்ஜியிட்டப் போய், தனக்குத் தெரிஞ்ச அரைகுறைப் பிரெஞ்சில எல்லாத்தையும் சொன்னார்.

கென்ஜி ஏசியிருந்தாலும் பரவாயில்லை. அப்பிடியே வைக்கோலில இருந்திட்டான்.

மாருவுக்கு ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு லாபோவுக்கு அனுப்பிச்சினம். எங்கட லொறிக் கொம்பனி முதலாளி, பத்ரோன், எங்களை அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் எண்டிட்டார். மாரு சாப்பிடத் தொடங்க, அண்ணை சாப்பாட்டை விட்டிட்டார்! தேத்தண்ணியும் சிகரெட்டும்தான். நானும் நல்லாத் திட்டினன்... அந்தக் கோலத்தைப் பாத்த பிறகு நிப்பாட்டியிட்டன்.

சனிக்கிழமை மத்தியானம் கென்ஜியின்ர மெசேஜ். "ரத்தத்தில ஒண்டுமில்லை. நாளைக்கு ஓடுறம்."

ஞாயிறு. லா சப்பல் மெட்ரோவடி பார், டிவியில ரேஸ். நல்ல மழை பெய்து திடல் எல்லாம் சேறு. அண்ணைக்குப் பாக்கப் பயம், வெளிய மெட்ரோப் பாலத்துக்குக் கீழ போய் நிண்டிட்டார். நான் வாசலில நிண்டு அவருக்குக் கத்துறன்.

"என்னடா, ஓடுறானோ?"

"கடைசியில நிக்கிறான் அண்ணை!"

"கால்? கால் என்ன மாதிரி?"

மேல மெட்ரோ போகுது, ஒரு கோதாரியும் கேக்கேல்லை. அந்த நேரம் பார்த்து மாரு வெளிப்பக்கத்தால எழும்பினான்... ஒண்டு, ரெண்டு எண்டு வெட்டிக்கொண்டு வாறான்.

"வாறான் அண்ணை! வாறான்!"

மூண்டாவது! நான் துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னன். மூண்டாவதோ முதலாவதோ எண்டு மனுசன் காதில விழுத்தேல்லை. "நாலு காலிலயும் நிக்கிறானோ?" எண்டு மட்டும் கேட்டார். ஓம் எண்டன். அந்த இடத்திலயே குந்திட்டார்.

அதோட மாருவுக்கு ஓய்வு. யப்பானில வடக்குப் பக்கம் ஒரு பண்ணையில நல்லா இருந்தவன். கென்ஜி இடைக்கிடை போட்டோ அனுப்புவான், எல்லாத்திலயும் வாயில வாழைப்பழம்.

இண்டைக்குக் காலமை எழும்பேல்லையாம். நேற்றுப் பின்னேரமும் பழம் சாப்பிட்டவனாம். "உங்கட கோயிலில அவன்ர பேரை ஒருக்காச் சொல்லுவீங்களோ" எண்டு கேட்டிருக்கிறான்.

யோகன் அண்ணைக்குப் போன் அடிச்சுச் சொன்னன்.

"நாளைக்குக் காலமை கோயிலடிக்கு வா" எண்டார். "வரேக்க கற்பூரம் நிறைய வாங்கிக்கொண்டு வா. இனி ஆர் அவனை டெஸ்ட் பண்ணப்போறாங்கள்."

போயிட்டு வா, மாரு.